யாத்திராகமம் 21இல் அடிமைகளைப் பற்றி வருவதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஞாயிறுபள்ளி டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபையில் பெரிய பிள்ளைகள் வகுப்பு எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள். பத்துக் கட்டளைகள் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆராதனை முடிய இன்னும் நேரம் இருந்ததால், "அடுத்த அதிகாரத்தையும் ஆளுக்கு நாலு வசனமாக வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

யாத்திராகமம் 21:20, 21 ஒரு பையன் பங்குக்கு வந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "டீச்சர், அடிமையைக் கோலால அடிச்சு அவன் அங்கேயே செத்தா தண்டனை. ஒருநாள் ரெண்டுநாள் உயிரோட இருந்துட்டா தண்டனை இல்ல, ஏன்னா அவன் எஜமானோட சொத்து. இத யார் சொன்னா, மோசேயா கடவுளா?"

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டேன். அந்தக் காலத்து அடிமை என்றால் இப்போது வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வதைப் போலத்தான், சின்னப் பிள்ளைகளிடம் அதையெல்லாம் கிளறாதீர்கள் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலைக்கு வருகிற அக்காவை யாரும் சொத்து என்று சொல்வதில்லையே.

வேதத்தில் அடிமைகளைப் பற்றி மொத்தமாக என்ன இருக்கிறது, விசுவாசிகள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேதத்தைக் கிழிப்பதற்கென்றே வருகிறவர்களிடம் எனக்கு வேலை இல்லை. மழுப்பலும் வேண்டாம்.

விசுவாசி:

சிஸ்டர், ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிப் பார்த்தால் எல்லாமே கொடூரமாகத்தான் தெரியும். அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். எபிரெய அடிமை ஆறு வருஷம்தான் வேலை செய்வான், ஏழாம் வருஷம் சும்மா விட்டுவிட வேண்டும் (21:2). போகும்போது வெறுங்கையாய் அனுப்பாமல் ஆடு, தானியம், திராட்சரசம் எல்லாம் கொடுத்து அனுப்ப வேண்டும் (உபாகமம் 15:13, 14). எஜமான் அடித்ததில் கண் போனாலும் பல் போனாலும் அடிமைக்கு விடுதலை (யாத். 21:26, 27). ஒரு மனுஷனைத் திருடி விற்றால் மரண தண்டனை (21:16). ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியவர்கள் இந்த ஒரு வசனத்துக்குப் பயந்திருந்தால் அந்த வியாபாரமே நடந்திருக்காது.

இன்னொன்றும் பாருங்கள். பாபிலோனில் ஹம்முராபியின் சட்டப்படி, ஓடிப்போன அடிமையை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்குக் கொலைத் தண்டனை. நம் வேதத்தில் நேர்மாறு. எஜமானுக்குத் தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கக் கூடாது, அவன் விரும்பிய ஊரில் உன் நடுவே இருக்கட்டும் (உபா. 23:15, 16). வேறு எந்த ராஜா இப்படிச் சட்டம் போட்டான்?

இது கடன்பட்டவன் உழைத்துக் கடன் தீர்க்கிற ஏற்பாடு. அமெரிக்க அடிமைத்தனத்தோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. பையனிடம் அதைச் சொல்லுங்கள், போதும்.

சாயர்புரத்துக்காரன்:

டீச்சரம்மா, நான் ஊழியக்காரன் இல்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். தினமும் வேதம் வாசிக்கிறவன்தான்.

விசுவாசி தம்பி காட்டிய வசனங்கள் எல்லாம் சரி, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் லேவியராகமம் 25:44-46ஐ அவர் தொடவே இல்லை. அங்கே என்ன இருக்கிறது? சுற்றிலும் இருக்கிற புறஜாதியாரிடம் ஆணும் பெண்ணுமாக அடிமைகளை விலைக்கு வாங்கலாம், உங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கு அவர்களைப் பரம்பரைச் சொத்தாக விட்டுப்போகலாம், அவர்கள் என்றைக்கும் அடிமைகளாயிருக்கலாம். சொந்தச் சகோதரனாகிய இஸ்ரவேலன்மேல் மட்டும் கொடூரமாய் ஆளக் கூடாது. ஆறு வருஷக் கணக்கு எபிரெயனுக்குத்தான். அந்த எபிரெயனுக்கும்கூட, எஜமான் கட்டிக்கொடுத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம், அவன் ஒண்டியாய்ப் போக வேண்டியதுதான் (யாத். 21:4). கடன் தீர்க்கிற ஏற்பாடு என்பது பாதிக் கதை. பையன் கெட்டிக்காரன், மீதிப் பாதியை அவனே ஒருநாள் யூடியூபில் கண்டுபிடிப்பான். அதற்குப் பிறகு நாம் சொல்கிற எதையும் நம்ப மாட்டான்.

நீங்கள் கேட்ட வசனத்தில், அடிபட்டவன் ஒன்றிரண்டு நாளில் எழுந்துவிட்டால் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், சொத்து என்ற காரணம் அங்கேயேதான் நிற்கிறது.

அமெரிக்காவோடு குழப்பக் கூடாது என்கிறார் தம்பி. அமெரிக்காக்காரர்கள் குழப்பித்தானே வைத்திருந்தார்கள்! 1845இல் இரண்டு பாப்டிஸ்ட் போதகர்கள் இதைப் பற்றிக் கடிதம் எழுதி வாதம் செய்தார்கள். தெற்கே சவுத் கரோலினாவில் ரிச்சர்ட் ஃபுல்லர், வடக்கே பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட். பழைய ஏற்பாட்டில் கடவுள் அனுமதித்ததையும் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பொறுத்துக்கொண்டதையும் எப்படிப் பாவம் என்பீர்கள் என்று ஃபுல்லர் கேட்டார். உன்னைப்போல் பிறனையும் நேசி என்பதை முழுசாகக் கைக்கொண்டால் ஒருவனை அடிமையாய் வைத்திருக்கவே முடியாது என்றார் வேலண்ட். வசனத்துக்கு வசனம் எண்ணிப் பார்த்தால் ஃபுல்லர் கை ஓங்கித்தான் இருந்தது. ஆபிரகாமுக்கு அடிமைகள் உண்டு. பவுல் எபேசியர் 6, கொலோசெயர் 3, தீத்து 2 என்று மூன்று இடங்களில் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறார். முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படி என்கிறார் பேதுரு (1 பேதுரு 2:18). அடிமை வைத்திருந்த சபைகள் வேதத்தை மறந்துபோன சபைகள் என்று நினைக்காதீர்கள். தினமும் குடும்ப ஜெபம் நடத்தியவர்கள்.

அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில்தான் அதே 1845இல் தெற்கத்தி பாப்டிஸ்டுகள் தனியாகப் பிரிந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மெத்தடிஸ்டுகளுக்குள் ஒரு பிஷப்பிடம் அடிமைகள் இருந்ததை வைத்துப் பிளவு. தெற்கத்தி பாப்டிஸ்ட் சங்கம் மன்னிப்புக் கேட்டது 1995இல். நூற்றைம்பது வருஷம் ஆயிற்று.

நோவாவின் சாபத்தையும் விடவில்லை. ஆதியாகமம் 9:25இல் சபிக்கப்பட்டவன் கானான். அவனுடைய அப்பா காம் மேல் அதை ஏற்றி, காமின் வம்சம் ஆப்பிரிக்கர், ஆகவே அவர்கள் பிறவி அடிமைகள் என்று பிரசங்கம் செய்தார்கள். தோல் நிறத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல் கிடையாது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது, சபைகளில் யாரும் பேசுவதில்லை. எங்கள் சாயர்புரத்தில் ஜி.யு. போப், இடையன்குடியில் கால்டுவெல், நாசரேத்து மிஷன் எல்லாம் எஸ்பிஜி என்கிற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தின் வேலை என்று உங்களுக்குத் தெரியும். அதே எஸ்பிஜிக்கு 1710இல் கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் பார்படோஸ் தீவில் இரண்டு கரும்புத் தோட்டங்களை உயில் எழுதி வைத்தார். தோட்டத்தில் எப்போதும் குறைந்தது 300 அடிமைகள் இருக்க வேண்டும் என்பது உயிலில் உள்ள நிபந்தனை. தொடக்க காலத்தில் அந்த அடிமைகளின் நெஞ்சில் சங்கத்தின் பெயரைச் சுட்ட இரும்பால் முத்திரை குத்தினார்கள். சுவிசேஷம் பரப்புகிற சங்கம்! 1834இல் ஆங்கில சாம்ராஜ்யத்தில் அடிமைத்தனம் ஒழிந்தபோது 411 பேருக்கு நஷ்ட ஈடாக 8,823 பவுண்டு வந்தது. வந்தது சங்கத்துக்கு, அந்த 411 பேருக்கு ஒரு காசு இல்லை. அந்தச் சங்கத்தின் இன்றைய வாரிசு 2023இல் இதற்குப் பரிகாரமாக 70 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது.

நம்மைப் படிக்க வைத்த பள்ளிக்கூடங்களை இதனால் பழிக்கச் சொல்லவில்லை. நானே அதில் படித்தவன். ஒரே அலுவலகம் இரண்டு வேலையையும் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே வேதத்தை வாசித்திருக்கிறது என்கிறேன்.

தரங்கம்பாடிக் கதையும் உண்டு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1707 மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. டேனிஷ் துரைமார் வீடுகளில் இருந்த அடிமைகள் அவர்கள். நாம் வருஷா வருஷம் சீகன்பால்கு வந்த நாளைக் கொண்டாடுகிறோம், அந்த ஐந்து பேரை மேடையில் யாராவது நினைத்ததுண்டா?

வேளாங்கண்ணி பக்தன்:

எங்கள் பக்கத்தையும் போட்டுவிடுகிறேன். கத்தோலிக்கர் என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

1452இல் ஐந்தாம் நிக்கோலாஸ் திருத்தந்தை, புறவினத்தாரைப் பிடித்து நிரந்தர அடிமையாக்க போர்த்துக்கல் அரசனுக்கு அனுமதி கொடுத்தார். 1537இல் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடிகளின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்றார். 1839இல் பதினாறாம் கிரகோரி அடிமை வியாபாரத்தைக் கண்டித்தார். அதற்குச் சரியாக முந்தின வருஷம், அமெரிக்காவில் மேரிலாந்து இயேசு சபையார் 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்று, ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தார்கள்.

இறையியலில் ரொம்பக் காலம் கோலோச்சியது புனித அகுஸ்தினார் கருத்து. கடவுள் மனிதனை மனிதனுக்கு அடிமையாகப் படைக்கவில்லை, பாவத்தின் விளைவாக அது வந்தது என்றார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாவம் உலகத்தில் இருக்கும்வரை அடிமைத்தனமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்கும் முன்னால், 4ஆம் நூற்றாண்டில், நீசா நகர் ஆயர் கிரகோரியார் சபை உரையாளர் (பிரசங்கி) நூலுக்கு மறையுரை சொல்லும்போது, "ஆண் பெண் அடிமைகளை விலைக்கு வாங்கினேன்" என்ற வரியில் நின்றுவிட்டார். கடவுளின் சாயலுக்கு யார் விலை போடுவது, எத்தனை காசு கொடுத்தாய், உலகத்தையே கொடுத்தாலும் ஈடாகுமா என்று கேட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். தொடக்கநூல் (ஆதியாகமம்) முதல் அதிகாரத்தை வைத்தே அந்த வாதம் முழுவதையும் கட்டியிருந்தார். ஆகவே அந்தக் காலத்து ஆட்களுக்கு இது தப்பென்று தெரிய வாய்ப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:

நாசரேத்து எங்கள் அம்மா பிறந்த ஊர். பார்படோஸ் விஷயத்தை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் சார். அம்மாவிடம் சொன்னேன். "போப் ஐயர் அங்க போகலியே" என்று உடனே வக்காலத்துக்கு வந்துவிட்டார்கள்.

பிலேமோன் நிருபத்தைப் பற்றியும் சொல்லுங்கள். பவுல் ஒநேசிமு என்ற அடிமையை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பிவிட்டாரே. விசுவாசி அண்ணன் காட்டிய உபாகமம் 23க்கு அது மாறாக இருக்கிறதே?

சாயர்புரத்துக்காரன்:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இருபத்தைந்தே வசனம், இதைப் போல இரண்டு பக்கமும் இழுபட்ட நிருபம் வேறில்லை. ஓடிப்போன அடிமையைத் திருப்பி அனுப்புவதற்கு அப்போஸ்தலனே முன்மாதிரி என்று தெற்கத்தியார் சொன்னார்கள். இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள், என்னை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொள் என்று அதே கடிதத்தில் இருப்பதை மற்றவர்கள் காட்டினார்கள். உடன்பிறந்தானை எப்படி விற்பாய்?

கேட்டுக்கொண்டிருந்த அடிமைகள் என்ன நினைத்தார்கள் என்று பார்க்க ஒரு சம்பவம் இருக்கிறது. ஜார்ஜியாவில் சார்ல்ஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற பிரஸ்பிடேரியன் போதகர், அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்வதையே ஊழியமாக எடுத்துக்கொண்டவர். அவரிடமே அடிமைகள் உண்டு. ஒருநாள் பிலேமோனை வைத்துப் பிரசங்கம் செய்து, எஜமானைவிட்டு ஓடுவது தப்பு, பவுலே சொல்கிறார் என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கும் முகம் சரியில்லை. அப்படி ஒரு நிருபமே வேதத்தில் கிடையாது என்று சிலர் சாதித்தார்களாம். இதை எழுதி வைத்தவர் ஜோன்ஸேதான், அதனால் நம்பலாம்.

ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினப் போதகரின் பாட்டி அடிமையாய்ப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டுவார். பவுல் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார், 1 கொரிந்தியர் 13 தவிர. பெரியவனான பிறகு தர்மன் காரணம் கேட்டார். எஜமானுடைய போதகர் வரும்போதெல்லாம் அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்பதையே வசனமாக எடுப்பார், நானாக வாசிக்கக் கற்று விடுதலையும் கிடைத்தால் வேதத்தில் அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன் என்று அப்போதே தீர்மானித்தேன் என்றாராம். அந்தப் பாட்டியம்மா வேதத்தைத் தள்ளவில்லை. சங்கீதமும் சுவிசேஷமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதே தர்மன் 1935இல் கொழும்புக்கு வந்தார். அங்கே சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்த பிறகு ஒருவர் தனியாக அழைத்துப் பிடித்துக்கொண்டார். உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், ஒரு அடிமைக் கப்பலுக்கு இயேசு என்றே பெயர், "அமேசிங் கிரேஸ்" எழுதிய ஜான் நியூட்டன் அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவர், நீங்கள் எப்படி அந்த மதத்துக்காக இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார். அன்றைக்கு எழுந்த கேள்விக்குத்தான் பிறகு ஒரு புத்தகமாகவே பதில் எழுதினார் தர்மன். நியூட்டனைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். மனந்திரும்பிய உடனே அவர் கப்பலைவிட்டு இறங்கிவிட்டதாக நம் பிரசங்கங்களில் சொல்கிறார்கள். அவர் மனந்திரும்பியது 1748இல். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகவே ஆனார், கப்பலில் ஆராதனையும் நடத்தினார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து எழுதியது 1788இல்.

கறுப்புச்சட்டை:

டீச்சர் சொன்ன "கிழிக்க வருகிறவன்" நான்தான். கிழிக்கவில்லை, ஒரே கேள்வி. பெரியவர் சொன்னதிலிருந்தே கேட்கிறேன். வசன எண்ணிக்கையில் ஃபுல்லர் ஜெயித்தார், ஆனால் இன்றைக்கு எல்லாரும் வேலண்ட் பக்கம். அப்படியென்றால் மனசாட்சி முதலில் முடிவு செய்தது, வேதம் பின்பாட்டுப் பாடியது, அவ்வளவுதானே? இங்கிலாந்து 1833இல் போட்ட ஒழிப்புச் சட்டத்தில் கம்பெனி ஆண்ட இந்தியாவும் இலங்கையும் சேராது. இந்தியாவுக்கு 1843இல்தான் சட்டம் வந்தது, கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூரில் 1855. அப்போதும் பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். எந்த வசனம் அவனைக் காப்பாற்றியது?

சாயர்புரத்துக்காரன்:

கடைசிக் கேள்வி நியாயமானது. திருவிதாங்கூரில் அடிமைகளை விடுவிக்கச் சொல்லி 1847இல் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனுப் போட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் சட்டம் வந்தும் நிலம் கைமாறவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பின்பாட்டு என்றதை மட்டும் ஏற்க மாட்டேன். 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று தனியாக ஒரு வேதாகமம் அச்சடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் கிடையாது. யோசேப்பு அடிமையாய்ப் போன கதை இருக்கும், மோசே ஜனங்களை விடுவித்த கதை இருக்காது. எபேசியர் 6:5 இருக்கும், "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்கிற கலாத்தியர் 3:28 இருக்காது. ஒரு பிரதி இன்றும் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வசனத்துக்குச் சக்தி இல்லையென்றால் கத்தரிக்கோல் எதற்கு? 1822இல் சார்ல்ஸ்டனில் கலகத்துக்குத் திட்டம் போட்டதாகத் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வீசி, கறுப்பர் சபையில் வேதம் நடத்தியவர். அது நடந்த வருஷமே பாப்டிஸ்ட் தலைவர் ரிச்சர்ட் ஃபர்மன், அடிமைத்தனம் வேதத்துக்கு ஒத்ததே என்று கவர்னருக்கு நீளமாக எழுதினார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள்.

எந்த இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடிமைகள் எகிப்திலிருந்து ஆரம்பித்தார்கள், எஜமான்கள் எபேசியர் 6இலிருந்து. எகிப்திலிருந்து வாசிப்பதுதான் சரி என்பது என் கட்சி. உபாகமம் 15:15 அப்படித்தான் காரணம் சொல்கிறது, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்று.

விசுவாசி:

லேவியராகமம் 25ஐ நான் வேண்டுமென்று விடவில்லை ஐயா. அது பழைய உடன்படிக்கை, அன்றைய ஜனங்களின் கடின இருதயத்துக்காகக் கொடுத்தது என்பது என் விசுவாசம். தள்ளுதற்சீட்டை, அதாவது விவாகரத்தைப் பற்றி ஆண்டவர் மத்தேயு 19:8இல் அப்படித்தானே சொன்னார்? விடுதலை கிடைத்தால் அதைப் பெற்றுக்கொள் என்று பவுலும் சொல்கிறார் (1 கொரி. 7:21). ஆனால் சிஸ்டர், சங்கத்து முத்திரை, நஷ்ட ஈடு எல்லாம் பதினான்கு வயசுப் பிள்ளைகளுக்கு எதற்கு? வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:

நீங்கள் காட்டிய மத்தேயு 19ஐயும் எடுத்துக்கொள்கிறேன் அண்ணன். இரண்டு வாரமாகப் பிரிக்கப் போகிறேன். முதல் வாரம் யாத்திராகமம் 21, லேவியராகமம் 25, உபாகமம் 15, 23 எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களையே வாசிக்கச் சொல்வேன், எதையும் தாண்ட மாட்டேன். அடுத்த வாரம் பிலேமோனும் தர்மனின் பாட்டியும். பார்படோஸையும் சொல்லத்தான் போகிறேன். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பெற்றோர் யாராவது போய்க் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சாயர்புரத்துக்காரன்:

எரேமியா 34ஐயும் சேருங்கள். பாபிலோன் சேனை முற்றுகை போட்டபோது சிதேக்கியா ராஜா உடன்படிக்கை பண்ணி எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்ய வைத்தான். சேனை கொஞ்சம் விலகியதும் எஜமான்கள் போய் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கர்த்தருடைய கோபம் அங்கே யார்மேல் இறங்குகிறது என்று பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 8ஆம் வசனத்திலிருந்து 22 வரை போதும், மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும்.